பின்வாசல் வீரன்

பின்வாசல் இல்லாத வீட்டில் நான் குடியிருந்ததில்லை. செஞ்சியில் பிறந்த வீட்டுக்குப் பெரிய கொல்லை. கணக்கு டியூஷன் வாத்தியார் திண்ணையில் வந்து உட்கார்ந்து செருமும்போது நான் முருங்கை மரத்தைத் தாண்டி ஏரிக்கரைக்குப் போயிருப்பேன். பிழைப்புக்குப் புனே வந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. இங்கே ஃப்ளாட் பார்க்கப் போனபோது மனைவி சமையல் மேடையின் உயரத்தைப் பார்த்தாள். நான் சமையலறைக்குப் பின்னால் சர்வீஸ் படிக்கட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் பார்க்கிங் பஞ்சாயத்தோடு மணி அடித்தாலும், சீட்டுப் பணம் வசூலிக்க ஆள் வந்தாலும், தூரத்து உறவில் யாராவது கைமாற்று கேட்டு வந்தாலும் நான் அந்தப் படிக்கட்டில்தான் இருப்பேன். "அவர் இப்பத்தான் வெளியே போனார்" என்று மனைவி வாசலில் சொல்வது கேட்கும். பொய்யே கிடையாது. அந்த 'இப்பத்தான்' மேல் அவள் வைக்கும் அழுத்தம் மட்டும் கொஞ்சம் உறுத்தும். இரண்டு மாடி இறங்குவதற்குள் உறுத்தல் போய்விடும்.

இப்பேர்ப்பட்டவனிடம் ஆபீஸ் மராட்டி நண்பர் ஒருவர் மதியச் சாப்பாட்டின்போது 1660ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார். தயிர்சாதத்தில் வைத்த கையை எடுக்காமல் கேட்டேன்.

1659 நவம்பரில் பிரதாப்கட் அடிவாரத்தில் அஃப்சல் கானின் கதையை முடித்த கையோடு, சிவாஜி கோலாப்பூர் பக்கத்துப் பன்ஹாலா கோட்டையையும் பிடித்துவிட்டார். பீஜப்பூர் சுல்தான் சும்மா இருப்பாரா? சித்தி ஜோஹர் என்ற தளபதியை அனுப்பினார். மார்ச்சில் தொடங்கிய முற்றுகை, மழைக்காலம் வந்தும் தளரவில்லை. ராஜாபூரில் கிடங்கு வைத்திருந்த ஆங்கிலேய வியாபாரிகள் வேறு, தங்கள் கொடியைக் கட்டிக்கொண்டு வந்து கோட்டைமேல் குண்டு போட்டார்கள். (மறுவருடம் சிவாஜி ராஜாபூருக்கே நேரில் போய், அந்தக் கணக்கை வட்டியும் முதலுமாகத் தீர்த்து, அவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்.) உள்ளே தானியம் குறைகிறது. வாசலில் ஆள் நகர்கிற மாதிரி தெரியவில்லை. இந்த நிலைமை எனக்குப் புதிதா என்ன?

"என்ன செய்தார் தெரியுமா? சரணடைகிறேன், பேசி முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்" என்றார் நண்பர்.

எனக்குப் புல்லரித்தது. 'நாளைக்குக் காலையில நானே வந்து குடுத்துடறேன் சார்.' சீட்டுக்காரரிடம் நான் பல வருடமாகச் சொல்லிவரும் அதே வாக்கியம்! பகைவர்கள் நம்பினார்கள், காவல் தளர்ந்தது. ஜூலை 12ஆம் தேதி இரவு, கொட்டுகிற மழையில், சுமார் 600 பேரோடு ராஜ்திண்டி என்ற சின்ன வாசல் வழியாக இறங்கி விஷால்கட் கோட்டையை நோக்கிக் கிளம்பிவிட்டார். அறுபது கிலோமீட்டர் மலையும் காடும்.

"பின்வாசல் வழியாகவா?" என்றேன்.

"அப்படித்தான்."

"ஓடினாரா?"

"ஓடினார். இன்றைக்கும் ஒவ்வொரு ஜூலையிலும் ஆயிரக்கணக்கான பேர் அதே வழியில் நடக்கிறார்கள்."

முதுகில் புண் பட்டதற்கு நாணி வடக்கிருந்து உயிரை விட்ட சேரமன்னன் பிறந்த மொழி என்னுடையது. ஒவ்வொரு முறை சர்வீஸ் படிக்கட்டு இறங்கும்போதும் அந்தச் சேரன் மேல்படியில் நின்று என்னை முறைப்பது போலவே இருக்கும். புறமுதுகுக்கு வருடா வருடம் விழா எடுக்கிற ஊர் இருக்கிறது என்பது தெரியாமலே இருபத்தேழு வருடம் இங்கே வரி கட்டியிருக்கிறேன்!

அந்தச் சந்தோஷத்தில் வாய் நீண்டுவிட்டது. "எங்க ஊர்லயும் கோட்டை இருக்கு. செஞ்சி. 1677-ல உங்க சிவாஜி மகாராஜா வந்து பிடிச்சது. நாங்கல்லாம் சின்ன வயசுல ராஜகிரியில ஓடி விளையாடினவங்க" என்று அளந்தேன்.

இதில் கடைசி வாக்கியம் மட்டும் பொய். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். பள்ளிக்கூடத்தில் மூன்று முறை அழைத்துப்போனார்கள். மூன்று முறையும் கீழே கல்யாண மஹாலில் உட்கார்ந்து டிபன் பைகளுக்குக் காவல் இருக்கும் பொறுப்பை நானாக முன்வந்து ஏற்றுக்கொண்டேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறைப் பிளவுக்குக் குறுக்கே பாலம் இருப்பது, போய்விட்டு வந்த பையன்கள் சொல்லித்தான் தெரியும். காவலுக்குக் கூலியாகச் சில டிபன்கள் எடை குறைந்தன, அவ்வளவுதான்.

ராத்திரி சாப்பாட்டில் இந்தக் கதையை ரசித்து ரசித்துச் சொன்னேன். மகள் போனைத் தட்டிக்கொண்டே கேட்டாள். நான் ரசத்திலிருந்து மோருக்கு வருவதற்குள், "மூணு பேருக்கும் கட்டிட்டேன்ப்பா. ரெண்டு நாள், அம்பது கிலோமீட்டர் சொச்சம். ரீஃபண்ட் கிடையாதாம்" என்றாள்.

ரீஃபண்ட் கிடையாது என்ற சொல்லுக்கு முன்னால் எந்தக் குடும்பஸ்தனின் வைராக்கியமும் நிற்காது. கடைசி நம்பிக்கையாக மனைவியைப் பார்த்தேன். அவள் திருவண்ணாமலைக்காரி. பௌர்ணமிக்குப் பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலில் சுற்றி வளர்ந்தவள். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "நாலு கிரிவலம்தானே" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பயிற்சியைத் தொடங்கினேன். காலையில் குடியிருப்பை இரண்டு சுற்று, பிறகு டிகிரி காபி. மூன்றாம் நாள் ஒரு சுற்று, காபி இரண்டு. ஷூ விஷயத்தில் மட்டும் பைசா செலவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் கைலாச யாத்திரை போகும் உத்தேசத்தில் நல்ல விலை கொடுத்து மலையேறும் ஷூ வாங்கி, யாத்திரை போகாமல், பரண்மேல் பத்திரமாக வைத்திருந்தேன். "பழசாச்சேப்பா, நடுவழியில சோல் போயிடும்" என்றாள் மகள். "ஒரு நாள்கூடப் போடாத ஷூ எப்படிம்மா போகும்?" என்று கேட்டேன். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் பின்னால் வந்தது.

மழைக்கோட்டு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அப்பாவின் பெரிய கறுப்புக் குடை இருந்தது, மூங்கில் பிடி வைத்தது. நாற்பது வருட வடகிழக்குப் பருவமழை பார்த்த குடை.

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் அடியில் ரகசியமாக இன்னொரு ஏற்பாடும் இருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் கிளம்பி, சாதாராவில் டீக்கு நிற்கும்போது, எனக்கு வயிற்றுவலி வரவேண்டும். அங்கிருந்து புனேவுக்கு விடிய விடிய பஸ் உண்டு. எந்த முற்றுகையானாலும் வெளியேறும் வழியை முதலில் பார்த்து வைப்பவன் நான்.

அந்த வெள்ளிக்கிழமை 2025 ஜூலை 11. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து வயிற்றை லேசாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று முன்சீட்டுப் பையன் ஒருவன் போனைப் பார்த்துவிட்டுக் கத்தினான். மராட்டியக் கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டதாம். மொத்தம் பன்னிரண்டு கோட்டை. "ஜெய் பவானி! ஜெய் சிவாஜி!" என்று பஸ்ஸே அதிர்ந்தது. பன்ஹாலா உண்டு என்று படித்தான். பதினொன்று மகாராஷ்டிரம், ஒன்றே ஒன்று வெளியூர் என்று படித்தான். அந்த ஒன்று செஞ்சி!

ஆபீஸ் நண்பர் எழுந்து நின்று, "செஞ்சிக்காரர் நம்ம பஸ்லதான் இருக்கார்!" என்று அறிவித்துவிட்டார். அறுபது பேர் வரிசையாக வந்து கைகொடுத்தார்கள். ஒரு பெரியவர் கண்கலங்க எனக்கே என் ஊர்க் கதையைச் சொன்னார். 1689-ல் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம், இதே பன்ஹாலாவிலிருந்து தப்பி, மாறுவேடத்தில் செஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தார். முகலாயப் படை பின்னாலேயே போய் வளைத்தது. எட்டு வருடம் தாக்குப்பிடித்த கோட்டை 1698-ல் விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. அங்கிருந்தும் தப்பி வேலூர் போய், விஷால்கட் வந்துவிட்டார். "உங்க ஊருக்கும் நாம போற வழிக்கும் பூர்வ சம்பந்தம் இருக்கு" என்றார். இருக்காதா பின்னே? மூன்று ஊருக்கும் பின்வாசல் உறவு.

"ராஜகிரி உச்சியிலேருந்து பார்த்தா எப்படி இருக்கும், காகா?" என்று கேட்டாள் ஒரு பெண். மராட்டியில் காகா என்றால் சித்தப்பா, மரியாதைச் சொல். என் காதில் அது ஒவ்வொரு தடவையும் காக்காய்க்குச் சோறு வைப்பது போலத்தான் விழும்.

"அடடா, ஊர் முழுக்கத் தெரியும். கோயில் கோபுரம், ஏரி, வயல்..." என்று ஆரம்பித்தேன். டிபன் பைக் காவல் கதை மனைவிக்குத் தெரியும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

சாதாராவில் பஸ் நின்றது. உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கு எப்படி வயிற்றுவலி வரும்? டீ மட்டும் குடித்துவிட்டு ஏறிக்கொண்டேன்.

பன்ஹாலா போய்ச் சேர்ந்தபோது விடிந்திருந்தது என்று கடிகாரம் சொன்னது. வெளியே பால் கொதித்துப் பொங்கியது போல ஒரே மூடுபனி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிலாஹார அரசன் இரண்டாம் போஜன் கட்டிய கோட்டை. சுற்றளவு மட்டும் ஏழு கிலோமீட்டர். எதிரி விஷம் கலக்காதபடி மூன்றடுக்குக் கட்டடத்துக்குள் ஒளித்துவைத்த கிணறு, கங்கா, யமுனா, சரஸ்வதி என்று பெயர் வைத்த பிரம்மாண்டமான தானியக் கிடங்குகள் எல்லாம் உண்டு. எனக்கு எல்லாம் நிழலாகத்தான் தெரிந்தது. இரண்டு சிலைகளை மட்டும் கிட்டப் போய்ப் பார்த்தேன். இரண்டு கையிலும் வாளோடு நிற்பவர் பாஜி பிரபு தேஷ்பாண்டே. இன்னொருவர் சிவா காஷித், நாவிதர். சாயலில் சிவாஜி மாதிரியே இருப்பாராம். அன்றிரவு ராஜா உடையில் இரண்டாவது பல்லக்கில் ஏறிப் போய், வேண்டுமென்றே பிடிபட்டவர் அவர். அப்போது அதை ஒரு காதில் வாங்கிக்கொண்டு, இன்னொரு காதால் டிபன் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

வழிகாட்டிப் பையனுக்கு இருபத்துநாலு வயது இருக்கும். கெண்டைக்கால் இரண்டும் தேர்ச்சக்கர அச்சு மாதிரி. "சலா!" என்றான். ராஜ்திண்டி வழியாக இறங்கினோம். அதாவது, மற்றவர்கள் இறங்கினார்கள். நான் உட்கார்ந்தேன். செம்மண் சேறு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

மாளுங்கே கிராமத்தைத் தாண்டி ஏறினால் மசாய் பீடபூமி. மலைக்கு மேலே யாரோ தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்தது போல, மைல்கணக்கில் தட்டையாகக் கிடக்கிறது. கண்ணுக்கெட்டிய வரை பச்சைப் புல், நடுநடுவே கணுக்கால் முங்கும் தண்ணீர். மரம் கிடையாது, மறைப்பு கிடையாது. கொங்கணக் கடலில் கிளம்புகிற காற்றுக்கு வழியில் முதல் தடங்கல் நான்தான். இந்த இடத்தில்தான் குடையை விரித்தேன்.

ஒரே விநாடி. அப்பாவின் குடை மேல்நோக்கித் தாமரையாக மலர்ந்தது. மலர்ந்த தாமரையில் மழை நிறைந்து, மூங்கில் பிடி வழியே இறங்கி, சட்டைக் கைக்குள் புகுந்து, இடுப்பில் சேகரமாயிற்று. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கினார்கள். சொந்த உடம்பிலேயே அமைத்துக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மேலே போன கம்பிகளைக் கீழே இழுத்தேன். துணி ஒரு பக்கம் போயிற்று, எலும்புக்கூடு கையில் நின்றது. பின்னால் வந்த கல்லூரிப் பையன்கள் அதை ஏதோ பழைய ஆயுதம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று எதிரில் மாடு ஓட்டிவந்தவரைக் கேட்டேன். "அஜூன் தோடச்" என்றார். இன்னும் கொஞ்சம்தான் என்று அர்த்தம். அரை மணி கழித்து வேறொருவர். "அஜூன் தோடச்." ஒரு மணி கழித்து ஒரு சிறுமி. அதேதான். நம் ஊரில் 'கூப்பிடு தூரம்' என்பார்களே, அந்தக் கணக்கு. கூப்பிடுகிறவனின் தொண்டை எவ்வளவு பெரிது என்பதை எந்த ஊரிலும் சொல்வதில்லை.

பீடபூமியிலிருந்து இறங்கும் சேற்றுச் சரிவில் வலதுகால் ஷூ வாயைப் பிளந்தது. முதலில் பல்லி வாய், பிறகு முதலை வாய். பத்தாவது அடியில் அடிப்பாகம் சேற்றிலேயே தங்கிவிட, மேல்பாகத்தோடு நான் மட்டும் முன்னேறினேன். நாலு நிமிஷத்தில் இடதுகாலும் அதையே செய்தது. ஒன்பது வருடம் பரண்மேல் சேர்ந்தே கிடந்த ஜோடி, ஒன்றை விட்டு ஒன்று வாழ விரும்பவில்லை.

வழிகாட்டிப் பையன் சோலைக் கையில் எடுத்து நசுக்கிக் காட்டினான். ஈரமான ரஸ்க் போல உதிர்ந்தது. "இந்த மாதிரி சோலைப் போட்டு நடந்துகிட்டே இருந்தா வருஷக்கணக்கில வரும், காகா. சும்மா வெச்சிருந்தா காத்துல இருக்கிற ஈரமே அரிச்சுடும்." நடந்தால் தேயும் என்றுதான் பத்திரப்படுத்தினேன். நடக்காததால் செத்திருக்கிறது. டாக்டர் என் முழங்காலைப் பற்றிப் போன வருடம் இதையேதான் சொன்னார். அவருக்கு ஃபீஸ் கொடுத்தேன், பையன் இலவசமாகச் சொன்னான்.

பக்கத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். மூங்கிலும் இலையும் வைத்துப் பின்னிய ஒரு கூட்டை நத்தை மாதிரித் தலையிலிருந்து முதுகு வரை கவிழ்த்துக்கொண்டிருந்தாள் ஒரு கிழவி. இர்லே என்று அதற்குப் பெயர். இரண்டு கையும் வேலைக்கு மிச்சம், எந்தக் காற்றுக்கும் தாமரையாவதில்லை. அவள் என் காலைப் பார்த்தாள், கையிலிருந்த குடைக்கம்பியைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள். மற்ற பெண்களும் நாற்றோடு நிமிர்ந்து சிரித்தார்கள். அப்புறம் வரப்பில் கிடந்த சணல் கயிற்றை எடுத்துவந்து, சோலையும் ஷூவையும் சேர்த்து, கன்றுக்குட்டிக்குக் கட்டுப்போடுவது போல இரண்டு காலையும் இறுக்கிக் கட்டினாள். காசு கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டு, "ஹளூ ஹளூ" என்றாள். மெதுவாப் போ. அறுபது பேரில் அந்த அறிவுரையைக் கேட்டவுடனே நிறைவேற்றக்கூடிய நிலையில் இருந்தவன் நான் மட்டும்தான்.

கோத்வாடியில் டீ, அதற்கப்புறம் இருட்டுகிற நேரத்துக்குக் கர்பேவாடி. ஊர்க்காரர்கள் வீட்டுத் திண்ணைகளிலும் கூடங்களிலும் பாய் விரித்துக் கொடுத்தார்கள். அடுப்படியில் அறுபது ஜோடி சாக்ஸ் தொங்கின. அந்த வாசனையையும் மீறிப் பசித்தது. சுடச்சுட அரிசி பாக்ரி, கடலைமாவுப் பிட்லே, இடித்த பச்சைமிளகாய்த் தேச்சா. கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டுவிட்டு, திண்ணையில் கால் நீட்டி, பையனிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ராஜா இந்தச் சேத்துல நடந்தேவா போனாரு?"

"பல்லக்குல தூக்கிட்டுப் போனதாத்தான் சொல்வாங்க, காகா. பாந்தல் படைக்காரங்க, இந்த மலையிலேயே பிறந்தவங்க."

பகலில், மராட்டி பேசும் அறுபது பேர் துணையோடு, வெறும் குடைக்கம்பியைத் தூக்கிக்கொண்டு நடந்தே எனக்கு இந்தக் கதி. அவர்கள் இரவில், விளக்கில்லாமல், பேச்சில்லாமல், இதே வழுக்குப் பாறையில் ஒரு ராஜாவைத் தோளில் வைத்துக்கொண்டு, பின்னால் குதிரைப்படை வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

"அந்த நாவிதர் என்ன ஆனார்?" என்றேன்.

"பிடிச்சுட்டுப் போய் விசாரிச்சாங்க. ராஜா இல்லேன்னு தெரிஞ்சதும் கொன்னுட்டாங்க. அந்த நேரத்துலதான் ராஜா தூரமாப் போக முடிஞ்சது." பையன் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தான். "வருஷா வருஷம் கூட்டிட்டு வரேன், காகா. எல்லாரும் ராஜா போன வழியிலதான் நடக்கணும்னு வராங்க. அந்த இன்னொரு பல்லக்கு போன வழியில நடக்கணும்னு ஒருத்தர்கூடக் கேட்டதில்லை."

நாற்பது குறட்டைகளுக்கு நடுவில் தூங்காமல் கிடந்தேன். தேச்சாதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை என் கால்கள் எனக்குத் தெரிவிக்காமல் வேறு யாருக்கோ சொந்தமாகியிருந்தன. ஏற்றத்தில் முழங்கால் மடங்காது, இறக்கத்தில் நிமிராது. அம்பேவாடி தாண்டிக் காடு. மரத்துக்கு மரம் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன். கல்யாணமான புதிதில்கூட யாரையும் அவ்வளவு அன்பாகக் கட்டிப்பிடித்ததில்லை. ஓடை குறுக்கிட்டால் எல்லோரும் கைகோத்துச் சங்கிலியாகத் தாண்டினார்கள். என்னை மட்டும் சங்கிலியின் நடுவில் வைத்தார்கள், பூட்டு மாதிரி.

பத்து மணி வாக்கில் முதுகு லேசாக இருப்பதை உணர்ந்தேன். உடம்பு பழகிவிட்டது என்று பெருமையாக இருந்தது. பிறகுதான் பார்த்தேன், முதுகில் என் பையே இல்லை. பதறிப்போய்த் தேடினால், நூறு அடி முன்னால் மனைவி போய்க்கொண்டிருந்தாள். முதுகில் அவள் பை, முன்பக்கம் என் பை. காலில் தெருக்கடையில் வாங்கிய கான்வாஸ் ஷூ. ஓடையில் நான் விழுந்து எழுந்த களேபரத்தில் எடுத்து மாட்டியிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

பாண்டரே பாணி தாண்டி, மாலை மயங்கும் நேரத்துக்குப் பாவன்கிண்ட். காட்டிலிருந்து செத்துப் பிழைத்து வெளியே வந்தால், எதிரே தார்ச்சாலை! வரிசையாகக் கார்கள். ஒரு குடும்பம் காரிலிருந்து அப்போதுதான் இறங்கி, சுட்ட மக்காச்சோளத்தில் எலுமிச்சையும் உப்பும் தேய்த்துத் தின்றுகொண்டிருந்தது. தலை வாரியிருந்தார்கள். சணல் கட்டிய என் கால்களை அந்த வீட்டுக் குழந்தை விரலால் காட்டி ஏதோ கேட்டது. அப்பாக்காரர் அதைச் சட்டென்று இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

இரும்புப் படியில் பக்கவாட்டாக, நண்டு மாதிரி, கணவாய்க்குள் இறங்கினேன். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவே காட்டாற்றுத் தண்ணீர் காது அடைக்க இரைந்துகொண்டு ஓடுகிறது. நாலைந்து பேருக்குமேல் சேர்ந்தாற்போல நுழைய முடியாது. அப்போது இதன் பெயர் கோட்கிண்ட், குதிரைக் கணவாய். சித்தி மசூத்தின் படை நெருங்கிவிட்டது. விஷால்கட் இன்னும் தூரம். பாதிப்பேர், அதாவது 300 பேர், ராஜாவோடு போனார்கள். மிச்சம் 300 பேரோடு பாஜி பிரபு இந்த இடுக்கில் நின்றார். நீங்கள் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்ததும் பீரங்கி முழக்குங்கள், அதுவரை ஒருவனும் இதைத் தாண்டமாட்டான் என்றாராம். அங்கே ராஜாவுக்கும் சுலபமாக இல்லை. விஷால்கட் அடிவாரத்தில் இன்னொரு எதிரிப்படை உட்கார்ந்திருந்தது, அதையும் வெட்டிக்கொண்டுதான் ஏறவேண்டியிருந்தது. மணிக்கணக்காகப் பீரங்கி ஒலிக்கவில்லை. மணிக்கணக்காகப் பாஜி பிரபு விழவும் இல்லை. முழக்கம் கேட்ட பிறகுதான் உயிர் போயிற்று என்கிறார்கள். குதிரைக் கணவாய் அன்றுமுதல் பாவன்கிண்ட், புனிதக் கணவாய்.

ஓடிப்போனதற்கு விழா எடுக்கிறார்கள் என்று நினைத்து வந்தவன் நான். வந்து பார்த்தால், பெயர் வைத்துக் கும்பிடுவது ஓடாமல் நின்ற இடத்தை.

ஈரப்பாறையில் உட்கார்ந்தேன். மணி அடிக்கிறது, நான் சர்வீஸ் படிக்கட்டில் இறங்குகிறேன். சரி. அதற்கப்புறம் வாசலில் என்ன நடந்தது என்று இருபத்தேழு வருடத்தில் ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா? சீட்டுக்காரர் கத்திவிட்டுப் போனாரா, சும்மா போனாரா? பள்ளிக்கூடத்தில் மகளின் கணக்கு மார்க்குக்காகக் கூப்பிட்டபோது (அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே) எனக்கு 'ஆடிட்' இருந்தது. போய் நின்றது யார்? கைமாற்று கேட்டு வந்த உறவுகள், கொடுக்கவில்லை என்று யார் முகத்தை இன்னும் பார்ப்பதில்லை? நான் திரும்பிவரும்போது வீடு எப்போதும் அமைதியாக இருக்கும். எதிரி தானாகக் கலைந்துபோய்விட்டான் என்றுதான் நினைத்துவந்தேன்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து கான்வாஸ் ஷூவிலிருந்து தண்ணீரைக் கொட்டினாள்.

"நீதான் பாஜி பிரபு" என்றேன். தொண்டை அடைத்தது.

"யாரு?"

"இங்க நின்னாரே, அவரு."

"அவரு செத்துப் போயிட்டாருன்னுதானே அந்தப் பையன் சொன்னான்?" என்றாள் சந்தேகமாக. "அப்ப நீங்க யாரு?"

"ஓடினவன்."

என்னை மேலிருந்து கீழே, சணல் கட்டு வரை, ஒருமுறை பார்த்தாள். "இந்தக் காலை வெச்சுக்கிட்டா? சரி சரி, எழுந்திருங்க. மேல போய் மக்காச்சோளம் வாங்கிக் குடுங்க. பணம் உங்க பையில இருக்கு. பை என்கிட்டதான் இருக்கு."

திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு. ஹாலில், வாசலை ஒட்டின நாற்காலியில், உப்புப் போட்ட வெந்நீர் வாளிக்குள் இரண்டு காலையும் வைத்து உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. கண்ணாடித் துளையில் பார்த்த மகள், "செக்ரட்டரி அங்கிள். கையில ஃபைல்" என்று ரகசியமாகச் சொன்னாள்.

உடம்பு பழக்கதோஷத்தில் சமையலறைப் பக்கம் திரும்பியது. இடுப்புவரைதான் திரும்பியது. அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை. மனைவியைப் பார்த்தேன். கையில் கரண்டியோடு நின்றவள் என்னைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். முகத்தில் புதிதாக ஒரு சிரிப்பு பரவியது.

"பருப்பு வெச்சிருக்கேன். மூணு விசில் வர்ற வரைக்கும் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சமையலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அடுத்து சர்வீஸ் படிக்கட்டில் கான்வாஸ் ஷூ இறங்குகிற சத்தம்.

மகள் வாசலைத் திறந்தாள். செயலாளர் எனக்கு எதிரே உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தார். பார்க்கிங் கோடு, தண்ணீர்த் தொட்டி, மூன்றாவது மாடி நாய் என்று வரிசையாக இறக்கினார். நான் வாளிக்குள் காலை ஊன்றிக்கொண்டு நின்றேன், அதாவது உட்கார்ந்தேன். ஒரு விசில் வந்தது. லிஃப்ட் பராமரிப்பு. ரொம்ப நேரம் கழித்து இரண்டாவது விசில் வந்தது. 2019ஆம் வருடத்து நிலுவை.

வாளித் தண்ணீர் ஆறிவிட்டது. மூன்றாவது விசிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.